விமானத்தின் அடிவயிற்று நிறம்

மலேசியாவின் ஈப்போ நகரில் மாடல் விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உள்ளங்கை அளவில் போர் விமானம் செய்வார்கள். பிறகு அதற்குப் பச்சையும் மண்நிறமுமாகத் திட்டுத்திட்டாக உருமறைப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்ட்டைப் பல வருடம் கலந்து கொடுத்தவன் நான். இந்த வருடக் கண்காட்சி மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "கட்டுரையெல்லாம் வேணாம் அண்ணே, அளவு மட்டும் எழுதிக் குடுங்க. எத்தனை துளி கறுப்பு, எத்தனை துளி மஞ்சள், அவ்வளவு போதும்லா" என்றார்கள். முப்பத்தெட்டு வருடம் கலர் பார்த்தவனிடம் பட்டியல் கேட்டால் எரிச்சல் வருமா வராதா? பட்டியலைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் கடைசியாக ஒரு நிறம் இருக்கிறது, விமானத்தின் அடிவயிற்றுக்கு அடிக்கிற வெளிர் நீலச் சாம்பல். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அதனால் அவர்கள் வேண்டாம் என்ற கட்டுரையையும் எழுதுகிறேன்.

என் பெயர் மணியம். ஈப்போவில் ஒரு கார் பெயின்ட் கடையில் கலர் பார்க்கிற வேலை. காரின் ஒரு கதவு நசுங்கினால் அந்தக் கதவுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடிப்பார்கள். மிச்சக் காரெல்லாம் வெயிலில் வெளுத்திருக்கும். புதுக் கதவும் பழைய காரும் ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி பெயின்ட் கலக்க வேண்டும். அதுதான் கலர் பார்ப்பது. எனக்குப் படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. நிலம் இல்லை, வீடு வாடகை வீடு. இந்த உலகத்தில் சோற்றுக்கு வழி செய்ய என்னிடம் இருந்தது இரண்டு கண்கள் மட்டும்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் என் கண்ணைப் பற்றித் திமிரும் இருந்தது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பதினேழு வயதில் ரப்பர் சீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்தில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனேன். சீட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் அது தேன் நிறமா, கருப்பட்டி நிறமா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்ப்போம். தோட்டத்தை விற்று எண்ணெய்ப்பனை போட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை ஃபூங் அதற்கு முன்பே ஈப்போவில் பெயின்ட் கடை போட்டிருந்தார். வேலை கேட்டுப் போன அன்று வாசலில் ஒரு வேன் நின்றது. "இதுல பின் கதவு மட்டும் பிறகு அடிச்சதா?" என்று சும்மா கேட்டேன். ஃபூங் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "எப்படிலா தெரியும்? நான்தான் அந்தக் கலர் போட்டேன்" என்றார். மறுநாள் வேலையில் சேர்ந்தேன், அன்றிலிருந்து ஃபூங் எனக்குத் தவுக்கே, அதாவது முதலாளி. முதல் இரண்டு வருடம் டின் கழுவியதும் பெயின்ட் கிளறியதும்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஃபூங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைப்போலவே தமிழ் பேசுவார். ஆனால் அதிகம் பேச மாட்டார். வருடம் முழுக்க வெள்ளைச் சட்டைதான். என்னையும் வெள்ளைச் சட்டைதான் போடச் சொன்னார், ஏனென்றால் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால் அந்தச் சிவப்பு பெயின்ட்டில் விழுமாம். கலர் பார்க்கிற மூலையில் சுவர் சாம்பல் நிறம். காலண்டர் மாட்டக்கூட விடமாட்டார். சாமி படம் மாட்டலாமா என்று கேட்டதற்கு, "சாமி ரொம்பக் கலரு. முன் பக்கம் மாட்டு" என்றார்.

எங்கள் முறை இது. கலந்த பெயின்ட்டை ஓர் அட்டையில் ஸ்ப்ரே அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் பார்த்துச் சரி என்றால் காய்ந்ததும் காலை வாரிவிடும். பிறகு அட்டையையும் மாதிரியையும் எடுத்துக்கொண்டு கடை வாசலில் கூரைக்கடியில் ஓடுகிற அஞ்சடி நடைபாதைக்கு வர வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வந்தால் நல்லது, மத்தியானம் மழை இருட்டு கட்டிவிட்டால் அன்றைக்கு வேலையே வேண்டாம். இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பிடித்து மூன்று எண்ணுகிற நேரம் மட்டும் பார்க்கலாம். அதற்குமேல் பார்த்தால் கண் சமாதானம் ஆகிவிடும், வித்தியாசம் இருந்தாலும் இல்லை என்று சொல்லும். உடனே திரும்பிச் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை. "மொதல் பார்வைதான் சாட்சி. ரெண்டாவது பார்வை வக்கீல்" என்பார் ஃபூங்.

இந்த முறையை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். வேலை கற்ற புதிது. ஒரு டாக்சி கதவுக்கு மாலையில் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து, அச்சு அசலாக இருக்கிறது என்று டின்னை மூடிவிட்டேன். மறுநாள் வெயிலில் டாக்சிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு கதவு. டாக்சிக்காரர் வந்து கடை வாசலில் நின்று கத்தினார். நான் பின்பக்கம் ஒளிந்துகொண்டேன். "கடை தப்பு. நான் மாத்தித் தாரேன்" என்று மட்டும் ஃபூங் சொன்னார். யார் கலந்தது என்று சொல்லவே இல்லை. என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் என் மேசையில் அந்த அட்டை கவிழ்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குள் பேச்சு. சாயங்காலம் அன்று கலந்த கலருக்கெல்லாம் அட்டைகளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் ஏழு மணிக்கே அவர் வந்து, வெளிச்சம் வந்ததும் பார்ப்பார். நான் எட்டரைக்கு வரும்போது சரியானதெல்லாம் என் மேசையில் நிமிர்ந்திருக்கும், தவறானது கவிழ்ந்திருக்கும். எதில் தவறு, எவ்வளவு தவறு என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கவிழ்ந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவமானமாக இருக்கும். ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலைந்து கவிழும். பத்து வருடத்தில் மாதத்துக்கு ஒன்று ஆனது. அப்போதும் முழுசாக நிற்கவில்லை. ஃபூங்கின் கண் அப்படி.

மாடல் விமானக்காரர்கள் கடைக்கு வர ஆரம்பித்தது பிறகுதான். ஃபூங்குக்கு அதில் அக்கறை இல்லை. "பொம்மை வேலை உன் வேலை. சனிக்கிழமை மத்தியானம் செய்யி. என் மேசைக்குக் கொண்டு வராத" என்றார். அதனால் அந்தச் சின்னக் குப்பிகளின் அட்டை மட்டும் அவர் மேசைக்குப் போகாது, அதை அவர் பார்ப்பதும் கிடையாது. இது பின்னால் முக்கியமாகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் ரொம்பப் பிடிக்கும். கார் பெயின்ட் பளபளக்கும், எல்லாம் வெள்ளையும் வெள்ளியும்தான். உருமறைப்பு நிறங்கள் அப்படி இல்லை. காட்டு நிறங்கள். நான் பார்த்து வளர்ந்த நிறங்கள். மஞ்சள் காவியில் கறுப்பைத் துளித்துளியாக விட்டால் பாசிபிடித்த பச்சை வரும், பச்சை டின்னைத் தொடவே வேண்டாம். முதல் தடவை அதைச் செய்து காட்டியபோது சங்கத்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு மூன்றும் சேர்ந்தால் தோட்டத்துச் செம்மண் பாதை. பிறகு பளபளப்பை அடக்குகிற பசையைச் சேர்க்க வேண்டும், அது நிறத்தை ஒரு பிடி வெளுக்கவைக்கும், அதற்கும் முன்கூட்டியே கணக்கு வைக்க வேண்டும்.

அவர்களிடமும் நான் ஒன்று கற்றேன். உண்மையான விமானத்தின் பெயின்ட்டையே அச்சு அசலாகக் கலந்து கொடுத்தால், சின்ன மாடலில் அது கறுத்துப்போய்த் தெரிகிறது என்றார்கள். கொஞ்சம் வெள்ளை சேர்க்கச் சொன்னார்கள். "கலருன்னா கலருதான், பெருசு சின்னதுன்னு என்ன?" என்று சண்டை போட்டேன். ஒருவர் என்னைத் திடலுக்குக் கூட்டிப்போய், எதிர் ஓரத்தில் நிற்கிற பச்சை லாரியைக் காட்டினார். "இப்ப கிட்டப் போய்ப் பாருங்க அண்ணே." கிட்டப் போனால் அது நான் நினைத்ததைவிட ஒரு படி கறுப்புப் பச்சை. தூரத்தில் காற்று நிறத்தை வெளுக்கவைக்கிறது. மாடல் என்பது தூரத்து விமானம், அதனால் வெளுப்பாகத்தான் அடிக்க வேண்டும். சரி, ஒத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணால் பார்த்ததை மறுக்க மாட்டேன்.

ஓய்வு பெற இன்னும் மூன்றரை வருடம் இருந்த சமயம் அது. அட்டைகள் கவிழ்வது நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம், ஒன்றுகூடக் கவிழவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஃபூங்கின் கண்ணை எட்டிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஃபூங்கின் முகத்தைப் பார்த்து ஒரு பாராட்டாவது வருமா என்று எதிர்பார்த்தேன். அவர் எப்போதும்போலக் குனிந்தே இருந்தார்.

அந்த வருடத் தீபாவளியன்று காலையில் என் மனைவி பார்வதி புதுச்சேலை கட்டி வந்து நின்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்ல நாளும் அதுவுமா கறுப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறியே" என்றேன். "கறுப்பா? இது கருநீலம். கலர் பாக்கிறவருன்னு வெளிய சொல்லிறாதீங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஊருக்கே கலர் பார்க்கிறவனிடம் இவள் நீலம் சொல்லித்தருகிறாளா என்று அன்று பூராவும் முறைத்துக்கொண்டே திரிந்தேன்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. அப்போதுதான் செல்வநாதன் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர், எழுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். மலேசிய ஆகாயப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் துண்டில் சுற்றிய எதையோ கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு உலோக மூடி. ஒரு பக்கம் வெளிர் நீலச் சாம்பல் நிறம். இத்தனை வருடம் அலமாரிக்குள் இருந்ததால் வெயில் படாத பெயின்ட்.

"மணியம் எண்டது நீர்தானே? இது நாங்கள் வேலை செய்த விமானத்தின்ரை அடிப்பக்க மூடி" என்றார். இரண்டு இஞ்சின் வைத்த சரக்கு விமானம். பெயரைச் சொன்னால் சங்கத்துக்காரர்கள் எந்த வருடம், எந்த நிறம் என்று சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. அதை மாடலாகக் கட்டியிருந்தார். அவரோடு வேலை செய்த மெக்கானிக்குகளில் மிச்சம் இருப்பது ஐந்து பேர், வருடத்துக்கு ஒருமுறை ஈப்போவில் கூடிச் சாப்பிடுவார்களாம். அந்த மேசையில் வைக்கத்தான் மாடல்.

"மேல் கலரை ரெண்டு வாரம் பொறுத்துத் தந்தாலும் காரியம் இல்லை. எனக்கு வயிறு சரியா வரவேணும். நாங்கள் மெக்கானிக்மார், எப்பவும் விமானத்துக்குக் கீழைதான் நிண்டனாங்கள். மழையெண்டாலும் வெயிலெண்டாலும் தலைக்கு மேலை இந்த வயிறுதான். மேல் நிறத்தைப் பாத்தவங்கள் வேறை ஆக்கள். எங்கடை பெடியள் மாடலைக் கையிலை எடுத்தா முதல்லை திருப்பித்தான் பாப்பாங்கள்."

பச்சையும் மண்நிறமும் அன்றைக்கே முடிந்தது. மூடியின் நிறத்தை அச்சு அசலாக ஓர் அட்டையில் பிடித்துத் தருகிறேன், பிறகு மாடலுக்கு எவ்வளவு வெளுக்க வேண்டுமோ நீங்களே வெள்ளை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளையில் கறுப்பு ஒரு துளி, நீலம், கொஞ்சம் மஞ்சள் காவி. நீலம் அன்று என்னவோ வீரியம் இல்லாமல் இருந்தது. விட்டேன், மாறவில்லை. இன்னும் விட்டேன். காய்ந்ததும் அஞ்சடியில் ஒட்டிப் பிடித்தேன். மூன்று எண்ணினேன். சரியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தார். "கோவியாதையும் தம்பி, இது கொஞ்சம் நீலமாக் கிடக்கு." அஞ்சடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியவர் மனசு கோணக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கலந்தேன். அதற்கு அடுத்த வாரம் திரும்பவும் வந்தார். "இப்ப முன்னையைவிடக் கூட நீலம், தம்பி." எனக்குப் பொறுமை போனது. சின்னப் பொருளில் நிறம் மாறித்தான் தெரியும், தூரம், காற்று என்று நான் சங்கத்தில் கற்றதையெல்லாம் அவரிடம் அவிழ்த்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் மாடலிலை இன்னும் அடிக்கேல்லை. உம்மடை அட்டையையும் மூடியையும்தான் பக்கத்திலை வச்சுப் பாக்கிறன்" என்றார். பதில் இல்லாதபோதுதான் எனக்கு வாய் நீளும்.

"ஐயா, நான் முப்பத்தாறு வருசமா இதத்தான் பாக்குறேன். வயசானா கண்ணு இப்படித்தான் ஏமாத்தும். மொதல்ல போயி டாக்டர்கிட்ட கண்ணக் காட்டுங்க. அப்புறம் என் கலர்ல குத்தம் சொல்லலாம்."

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நான் சத்தமாகத்தான் சொன்னேன். செல்வநாதன் ஐயா கோபப்படவில்லை.

"ஓம் தம்பி, காட்டினனான். போன வருசம் ரெண்டு கண்ணிலையும் புரை எடுத்துப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் நீலமெண்டா என்னெண்டு எனக்குத் திரும்பத் தெரிஞ்சது. வீட்டுச் சுவர் பழுப்பெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான், பாத்தா வெள்ளை." துண்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உமக்கு இப்ப எத்தினை வயசு?"

சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "மூடி இங்கையே இருக்கட்டும். அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேரே வீட்டுக்குப் போனேன். மணி நாலு, நல்ல வெயில். பார்வதியை அந்தத் தீபாவளிச் சேலையை எடுத்து வரச் சொன்னேன். வாசலில் என் கறுப்புக் குடையை விரித்து, அதன்மேல் சேலை மடிப்பைப் போட்டேன். முப்பத்தாறு வருடம் செய்ததுபோல ஒட்டி வைத்து, மூன்று எண்ணிப் பார்த்தேன். குடை எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று கை வைத்துத் தடவித்தான் எனக்குத் தெரிந்தது. "உனக்கு இது எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். "ஏன், பளிச்சுன்னு நீலமா இருக்கே" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை எடுத்து மடித்தாள். குடையை மடக்காமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஃபூங்கிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மற்ற ஆட்கள் வருவதற்குமுன் தனியாகச் சொல்லலாம் என்று ஏழேகாலுக்கே கடைக்குப் போனேன். ஃபூங் என் மேசையில் இருந்தார். சனிக்கிழமை காலையில் நான் கலந்து வைத்த வெள்ளிநிறக் கார் பெயின்ட் டின் திறந்திருந்தது. கம்பியின் நுனியில் எதையோ தொட்டுத் தொட்டு அதில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு அட்டைகள். ஒன்று நான் அடித்தது, இன்னொன்று இப்போதுதான் அவர் அடித்தது, இன்னும் ஈரம்.

என்னைப் பார்த்ததும் அவர் கம்பியை மறைக்கவில்லை. டின்னின் ஓரத்தில் வழித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா தவுக்கே?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாலா" என்றார். "வெள்ளை, வெள்ளி, நீலம். மத்ததெல்லாம் நீ நல்லாத்தான் போடுற."

"ஏன் கவுத்து வைக்கல?"

"மொதல்ல ரெண்டு தடவ கவுத்து வச்சேன். நீ திருத்தின. திருத்தினது இன்னும் நீலம். மறுபடியும் நான் கவுக்கணும், மறுபடியும் நீ திருத்துவ. எத்தனை தடவலா? அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"எப்படிலா சொல்றது, மணியம்? உன் கண்ணு போச்சுன்னா? கண்ணு இல்லாட்டி உனக்கு இந்தக் கடையில என்னா வேலை? சிக்கிட், கொஞ்ச நாள்தானே, நீ பென்ஷன் எடுக்குற வரைக்கும் நான் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு நன்றி வரவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அவமானம்தான் வந்தது. நிமிர்ந்து கிடந்த அத்தனை அட்டைகளும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த ஒன்றரை வருடமும், காலையில் எனக்கு முன்னால் வந்து இவர் துடைத்துச் சரிசெய்த தவறுகளும் ஒன்றாகச் சேர்ந்து கண்முன்னால் வந்து நின்றன. "என்னப் பிச்சைக்காரனா ஆக்கிட்டீங்க தவுக்கே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால், பொம்மை வேலையை அவர் மேசைக்குக் கொண்டுவர விட்டிருந்தால் அந்த நீலத்தையும் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார். எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயதாக ஆக மஞ்சளித்துப் பழுப்பாகிறது, நீலத்தை உள்ளே விடுவதில்லை, மெதுவாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதினேழு வயதில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேனே, புகை போட்ட ரப்பர் சீட்டு, அதில் ஒன்று என் கண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வழியாகத்தான் ஊருக்கெல்லாம் கலர் பார்த்திருக்கிறேன்.

முதலில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், ஏழு வாரம் கழித்து இடது கண்ணில். முதல் கட்டுப் பிரித்த அன்று பார்வதி அந்தக் கருநீலச் சேலையைத்தான் கட்டி வந்திருந்தாள். வேண்டுமென்றே கட்டி வந்திருக்கிறாள். வாசலில் அவள் வந்து நின்றபோது அந்த நீலம் கண்ணை அடித்தது. "பாத்தீங்களா?" என்றாள். நர்ஸ் பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இரண்டு கண்ணும் ஆறிய பிறகு கடைக்குத் திரும்பினேன். ஃபூங் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, சம்பளத்தையும் நிறுத்தவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முதல் வேலையாகச் செல்வநாதன் ஐயாவின் மூடியை எடுத்தேன். பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி அப்படி ஒரு நீலம். அந்த மனுஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டச் சொன்னேனே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. புதிதாகக் கலந்தேன். நீலக் கம்பியைத் தொடவே பயமாக இருந்தது. ஊசி முனை அளவு விட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அட்டை காய்ந்தது. அஞ்சடியில் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. ஆனால் என் கண்ணை நம்ப எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன், பொம்மை வேலையைத் தன் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தும், அட்டையையும் மூடியையும் ஃபூங்கின் மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் எட்டரைக்கு வந்தேன். என் மேசையில் அந்த அட்டை கவிழ்ந்து கிடந்தது.

ஃபூங் தன் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. இந்த முறை எனக்கு அவமானமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. இவனுக்குக் கண் தெரியும், இவனே திருத்துவான் என்று அவர் நினைக்கிறார். அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போனேன். மூடியோடு ஒட்டிப் பிடித்து மூன்று எண்ணினேன். முதல் நாள் பார்க்கப் பயந்ததை இப்போது பார்த்தேன். நீலம் போதவில்லை, வெறும் சாம்பல். இரண்டு துளி சேர்த்து, புது அட்டை அடித்து அவர் மேசையில் வைத்தேன். அடுத்த நாள் காலையில் புது அட்டை நிமிர்ந்திருந்தது.

செல்வநாதன் ஐயா வந்தபோது முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடும்" என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கி மூடியின்மேல் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூன்றுக்குமேல் எண்ணக்கூடாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. "இதுதான்" என்றார். அந்த வருடச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார். ஐந்து கிழவர்கள், ஒரு வட்ட மேசை, நடுவில் அந்தச் சின்ன விமானம். முதலில் எடுத்தவர் ஒரு மலாய்க்காரர். பச்சையையும் மண்நிறத்தையும் பார்க்கவே இல்லை. கையில் எடுத்ததும் மல்லாக்கத் திருப்பித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்து ஆளிடம் கொடுத்தார், அவரும் அப்படியே தூக்கிப் பிடித்தார். மேசையைச் சுற்றி ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்து முடிக்கும்வரை சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மீதி இருந்த இரண்டு வருடமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்த இரண்டு வருடத்தில் பதினொரு அட்டைகள் கவிழ்ந்தன, எண்ணி வைத்திருக்கிறேன். ஃபூங் கடையை மகளிடம் கொடுத்துவிட்டு பினாங்கில் இருக்கிறார். போன மாதம் போனில் பேசும்போது என் கண் ஆறிய பிறகு கவிழ்த்து வைத்த அந்த முதல் அட்டையைப் பற்றிக் கேட்டேன். "ஞாபகம் இல்லலா" என்றார். பொய் சொல்கிறார்.

சங்கத்துக்காரர்கள் பட்டியலோடு கண்காட்சியில் வைக்க அட்டைகளும் கேட்டார்கள். பச்சை, மண்நிறம், சரியாக வந்த வயிற்று நிறம் எல்லாவற்றையும் எடுத்துப்போகலாம். நீலம் போதாத அந்த அட்டையைத் தர மாட்டேன். அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அவர் வைத்த மாதிரியே, கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன்.